இரண்டு போளி, ஒரு ஆரஞ்சு அட்டை

புனே ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற பேருந்துகளுக்கு எண்களே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எண்கள் இருந்தன. அவை மராத்தி எழுத்தில் இருந்தன. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்ததால், கூட்டம் எதில் அதிகமாக ஏறியதோ அதில் நானும் ஏறினேன்.

நடத்துநர் வந்து, "காகா, டிக்கெட்" என்றார். காகா என்றால் சித்தப்பா என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு நம் ஊர்க் காக்கைதான் ஞாபகம் வந்தது. "தாபோடி" என்றேன். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"அடடா காகா, இது கோந்த்வா போகிற வண்டி!" என்றார் அவர். பக்கத்திலிருந்த பெரியவர் இந்தியில் நிதானமாக விளக்கினார். தாபோடி இந்தப் பக்கம், கோந்த்வா அந்தப் பக்கம். "நீங்கள் போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்றார். கோந்த்வாவில் இறங்கி, புதுப் புது அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்து, ஒரு கண்ணாடித் தம்ளர் டீ குடித்து, வந்த வழியே திரும்பினேன். எங்கள் தூத்துக்குடியில் வழி தவறினால் கடல் வந்துவிடும், நின்றுவிடலாம். இங்கே நிற்க இடமே வராது போலிருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதுக்கு இந்தக் கூச்சம் அதிகம்தான். பேருந்து மாறியதோடு போனால் பரவாயில்லை. இதே கூச்சத்தால் ஒருமுறை ஒரு மனிதருக்கு நடக்க வேண்டிய ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. அதற்கான பழி இன்னொருத்தி தலையில் விழுந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் புனேவுக்கு வந்திருந்தேன். வாயால் சொல்ல வராது என்று தெரியும். அதனால் இரண்டு பக்கம் கடிதமாக எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

நான் ஒரு மருத்துவக் கப்பலில் சமையல் உதவியாளன். கப்பலில் சமையலறைக்குக் கேலி என்று பெயர். ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். கொரோனா சமயத்தில் எங்கள் கப்பல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. மருத்துவக் கப்பல் என்றால் உள்ளே முழுக்கக் கொரோனா நோயாளிகள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். அந்த ஊர் ஆஸ்பத்திரிகள் காய்ச்சல்காரர்களால் நிரம்பிவிட்டன. கால் உடைந்தவர்களுக்கும் தீக்காயம் பட்டவர்களுக்கும் குடலிறக்கக்காரர்களுக்கும் படுக்கை இல்லை. அவர்கள்தான் எங்களிடம் வந்தார்கள். காய்ச்சல் படியேறி வந்துவிடாமல் காப்பதே எங்கள் பெரிய வேலையாக இருந்தது.

நான்கு மாதம் நாங்கள் கரையில் கால் வைக்கவில்லை. கேலி ஆட்கள் வார்டுப் பக்கம் போகக்கூடாது, நர்ஸ்கள் எங்கள் பக்கம் வரக்கூடாது. சாப்பாட்டு வண்டியைத் தரையில் கிழித்திருந்த கோட்டருகே விட்டுவிட்டு நாங்கள் விலகிய பிறகுதான் அவர்கள் வந்து எடுப்பார்கள். ஒரே கப்பலுக்குள் இரண்டு நாடு, நடுவில் ஒரு தொலைபேசி.

அந்தத் தொலைபேசியில்தான் கவிதா சிஸ்டரைத் தெரியும். நான் "ஹலோ, கேலி" என்றதுமே, "அரே, தமிழா நீங்க? அந்த 'லி'லயே தெரியுது அண்ணா!" என்று கத்தினாள். புனேயில் தாபோடி சொந்த இடம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்துபோனவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் புனே. நான்கு மாதம் தினமும் பேசினோம். முகத்தைப் பார்த்ததே இல்லை. தூரத்தில் பச்சை உடுப்பில் முகக்கவசத்தோடு கை ஆட்டுவாள். பத்துப் பேர் கை ஆட்டுவார்கள், அதில் எது அவள் என்று தெரியாமல் நான் பொதுவாக ஆட்டுவேன்.

மூன்றாம் வார்டுக்கு ஒரு புனேக்காரப் பெரியவர் வந்தார். அந்தத் துறைமுக ஊரில் இருந்த மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு, குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர். கடுமையான சர்க்கரை வியாதி. ரொட்டியையும் சூப்பையும் தொடவில்லை. கவிதா போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு ராத்திரிக்கு ரெண்டு போளி மட்டும் போட்டு அனுப்புங்க. அது போதும், சாப்பிட்டுடுவாரு."

போளி என்றால் எனக்குப் போளிதான். செங்கோட்டைப் பக்கம் என் மாமியார் வீட்டில் கற்றது. கடலைப் பருப்பை வேகவைத்து, வெல்லம் சேர்த்துக் கிளறி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நெய் விட்டுச் சுட்டேன். சர்க்கரை நோயாளியின் தட்டில் ஓர் ஆரஞ்சு அட்டை இருக்கும். அட்டையைப் பார்த்தேன். கையில் தொலைபேசியை எடுத்தேன். படித்த பெண்ணிடம் 'சரியாத்தான் சொன்னீங்களா' என்று எப்படிக் கேட்பது? வைத்துவிட்டேன்.

மூன்று நாள் அப்படிப் போனது. அந்த மூன்று நாளும் கவிதாவை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நாலாம் நாள் பெரியவரின் சர்க்கரை எங்கோ போய் நின்றது. ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "என் பெண்டாட்டி கையால்கூட இப்படிச் சாப்பிட்டதில்லை" என்று அவர் பாராட்டினாராம்.

புனேயில் போளி என்றால் சப்பாத்தி. வெறும் கோதுமைச் சப்பாத்தி. இனிப்பு என்றால் அதற்குப் பூரண் போளி என்று முழுப் பெயர் சொல்ல வேண்டும். பெரியவர் கேட்ட சொல்லை அவள் அப்படியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம்.

விசாரணையில், "வார்டு சிஸ்டர் சொன்னார், செய்தேன்" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். அவள், "ஆமா, நான்தான் தெளிவா சொல்லலை, என் தப்பு" என்று முடித்துவிட்டாள். அட்டைகளை அன்றன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவோம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பெரியவர் பத்து நாள் கழித்து ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து இறங்கினார். கவிதாவின் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. அடுத்த ஒப்பந்தம் அவளுக்கு வரவில்லை.

இப்போது நான்கு வருடம் கழித்து, எங்கள் நிறுவனம் இன்னொரு கப்பலுக்கு நர்ஸ் எடுக்கிறது. நேர்காணல் புனேயில். "கூட வேலை செஞ்சவங்க ஒருத்தர் நல்லபடியா சொல்லணுமாம். போன்ல சொல்றீங்களா அண்ணா?" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். எப்போதும் குரல் செய்திதான் அனுப்புவாள். "விடுமுறையிலதான் இருக்கேன், நேர்லயே வாறேன்" என்றேன்.

தாபோடி நிலையத்தில் உள்ளூர் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தேன். ஸ்கூட்டரோடு ஒரு பெண் நின்றிருந்தாள். உருண்டை முகம், மூக்குத்தி, நெற்றியோரம் இரண்டு நரைமுடி. அவளைத் தாண்டி நான் கவிதாவைத் தேடினேன்.

"ஹலோ, கேலியா?" என்றது அந்த முகம்.

குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இவ்வளவு உயரமா நீங்க!" என்றாள் அவள். "குரலை வெச்சு நான் குள்ளமான ஆளுன்னே நெனச்சிட்டு இருந்தேன்."

வீடு ஒரு சந்துக்குள். வாசலில் துளசி, பக்கத்து வீட்டில் மராத்தித் தொடர் ஓடும் சத்தம், எதிர் வீட்டில் யாரோ கன்னடத்தில் பிள்ளையைத் திட்டுகிறார்கள். கவிதாவின் கணவர் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க. நீங்களும் அந்தக் கப்பல்தானே? இவ வந்தப்போ தெருவே எங்க வாசல் பக்கம் வரலை. கொரோனாக் கப்பல்காரின்னு பேரு. காய்கறி வண்டிக்காரன் அந்த முனையிலயே நின்னு கூவுவான், நான் போயி வாங்கியாரணும். கப்பல்ல கொரோனாவே இல்லடான்னா யாரு கேக்குறா? இப்பவும் எதிர்வூட்டுக்காரி இருமுனா என்னைத்தான் திரும்பிப் பாக்குறா."

"அம்மா, பஸ் கரோ, போதும், அவர் மொதல்ல உக்காரட்டும்" என்றாள் கவிதா.

சாப்பாடு முடிந்ததும், அம்மா கை கழுவப் போன நேரத்தில், கடிதத்தை எடுத்து நீட்டினேன். "இதப் படிச்சிரு" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. "அரே, எழுதியே கொண்டாந்துட்டீங்களா!" என்று வாங்கிச் சான்றிதழ்க் கோப்பில் வைத்தாள். மாடியில் வாடகைக்காரர் காலி செய்த அறையில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். வருடக்கணக்காகச் சுமந்ததை இறக்கி வைத்த அலுப்பில் உடனே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பயந்துகொண்டே இறங்கினேன். அவள் சிரித்தபடி அவல் உப்புமாத் தட்டை நீட்டினாள். மேலே கொத்தமல்லியும் தேங்காய்த் துருவலும், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டும் இருந்தன. "சாப்பிடுங்கண்ணா, வெளிய போகலாம்." ஒரு வார்த்தை கோபம் இல்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே எலுமிச்சையைப் பிழிந்தேன்.

அன்றைக்கு முழுவதும் ஸ்கூட்டரில் ஊர் காட்டினாள். புனேயில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் எல்லோரும் கண் மட்டும் தெரியும்படி துப்பட்டாவால் முகத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். கப்பல் ஞாபகமே வந்தது. ஒரு கடையில் மிசள் வாங்கிக் கொடுத்தாள். முளைகட்டிய பயறு, சிவப்பாக மிதக்கும் காரக் குழம்பு, அதன் மேல் ஒரு கை சேவு. எங்கள் ஊர்ப் பொரித்த பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா இதன் முன்னால் பால் பாயசம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துக் கடைக்காரர், "மதராஸிக்குக் காரம் தாங்கும் என்பார்களே" என்று இந்தியில் கிண்டல் செய்தார்.

பணிச் சான்று வாங்க அவள் வேலை செய்யும் சிறிய நர்சிங் ஹோமுக்குப் போனோம். நடைவழியில் ஓர் ஆயா சாப்பாட்டுத் தட்டோடு போனார். "மாவ்ஷி, தாம்பா" என்று கவிதா நிறுத்தினாள். சித்தி, கொஞ்சம் நில்லுங்கள் என்று அர்த்தம். மூடியைத் திறந்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"பார், வந்துவிட்டாள் மூடி சிஸ்டர்" என்று ஆயா இந்தியில் என்னிடமே சொல்லிச் சிரித்தார். "லீவு நாளிலும் விடமாட்டாள். நான் என்ன விஷமா வைத்திருக்கிறேன்?" கவிதா அவர் தோளைத் தட்டி அனுப்பினாள். நல்ல பொறுப்பான பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் நேர்காணல். கேம்ப் பகுதியில் ஓர் அலுவலகம். ஆட்டோவில் கிளம்பினோம். ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு லாரி பழுதாகிப் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். கவிதா கோப்பைத் திறந்து என் கடிதத்தை எடுத்தாள்.

"அண்ணா, இதுல என்னென்ன எழுதியிருக்கீங்க? அவங்க கேட்டா நான் இங்கிலீஷ்ல சொல்லணும்ல."

"நீ படிக்கலையா?"

"எனக்கு எங்க தமிழ் படிக்க வரும்? நான் மராத்தி மீடியம். பேரை எழுதுவேன், அவ்ளோதான். அம்மா கிட்ட குடுக்கலாம்னா வேலையில மறந்தே போச்சு. நீங்களே படிங்க, டைம் இருக்கு."

இத்தனை வருடம் குரல் செய்தியாகவே அனுப்பியது அவசரத்தால் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் அவள் காட்டிய சிரிப்பெல்லாம் மன்னிப்பு இல்லை. அவளுக்கு எதுவுமே தெரியாது. ஆட்டோவை விட்டு இறங்கி ஓட நினைத்தேன். முன்னால் லாரி, பின்னால் பேருந்து, கீழே ஆறு.

படித்தேன். "அன்புள்ள கவிதா சிஸ்டருக்கு. அந்த மூன்று நாளும் தட்டில் ஆரஞ்சு அட்டை இருந்தது. நான் அதைப் பார்த்தேன். உங்களைக் கேட்கப் போனை எடுத்து, கூச்சப்பட்டு வைத்துவிட்டேன். சொல் மாறியது இருவர் தவறு. அட்டையைப் பார்த்தும் அனுப்பியது என் தவறு மட்டும். விசாரணையில் அதை மறைத்துவிட்டேன்..." எழுதும்போது நன்றாக இருந்த வாக்கியங்கள் வாயில் கல் போல் உருண்டன. இரண்டாம் பக்கம் முழுக்க மன்னிப்பு. அதைப் படிக்க முடியவில்லை.

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "என்ன ஆச்சு தீதி?" என்றார்.

"குச் நஹி பையா", ஒன்றுமில்லை என்றாள்.

ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாலு வருஷம் அண்ணா. அந்தத் தாத்தாவை நான் கொன்னிருப்பேன்னு நாலு வருஷமா நெனச்சிட்டு இருக்கேன். எந்தத் தட்டு போனாலும் ரெண்டு தடவை தொறந்து பாக்குறேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்களும்தான் நேத்து பாத்துட்டு நின்னீங்க."

"ஆமா."

"ஒரு போன் அண்ணா. 'சக்கரைக்காரருக்குப் போளியா சிஸ்டர்'னு ஒரே ஒரு போன்!"

"ஆமாம்மா."

"ஆமா ஆமான்னு சொல்லாதீங்க, எனக்கு இன்னும் கோவம் வருது."

வண்டி நகர்ந்தது. அலுவலக வாசலில் இறங்கியதும் கடிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். "இத நான் குடுக்க மாட்டேன். நீங்க இன்னும் அங்கதான் வேலை பாக்குறீங்க. இது போச்சுன்னா அடுத்த கான்டிராக்ட் உங்களுக்கு வருமா? பேசாம வெளிய உக்காருங்க. நல்ல நர்ஸ்னு கேட்டா மட்டும் சொல்லுங்க." கோபத்திலும் என் வேலையைப் பற்றி யோசிக்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. "அந்த ரிமார்க் பத்திதான் கேட்டாங்க. என் தப்புன்னு சொல்லிட்டேன். சொல்லி அனுப்பறோம்னாங்க. சலோ, போகலாம்."

நான் எழுந்து, அவள் கையைப் பிடிப்பதற்குள் கதவைத் தட்டிவிட்டேன்.

உள்ளே மேசைக்குப் பின்னால் நரைத்த குட்டை முடியோடு ஒரு கேரளத்து அம்மா. கப்பல்களில் தலைமை நர்ஸாக இருந்தவராம். என்ன மொழியில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். "தமிழ் பறயாம், குறைச்சு அறியாம்" என்றார். கொஞ்சம் தெரியும், தமிழிலேயே பேசலாம் என்று அர்த்தம். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் நிறுத்திவிடுவேன் என்று பயம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா கதவருகே நின்றாள்.

அந்த அம்மா அலுவலகத்து மராத்திப் பெண்ணைக் கூப்பிட்டு, போளி என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சப்பாத்தி, மேடம்."

"இனிப்பு?"

"அது பூரண் போளி, மேடம்." எல்லோருக்கும் தெரிந்ததை ஏன் கேட்கிறார்கள் என்ற முகத்தோடு அந்தப் பெண் போய்விட்டாள்.

"நிங்க ரெண்டாளும் தமிழ்லதானே பேசினது?"

"ஆமா மேடம்" என்றோம் இருவரும்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கையை எடுத்தபோது சிரிப்பு போயிருந்தது. "அந்த அட்டை? அது ஏது பாஷையில இருந்தது?"

"அட்டைல எழுத்து கிடையாது மேடம். வெறும் ஆரஞ்சு நிறம்."

"அப்போ அது நிங்களுக்கு மனசிலாயி."

"மனசிலாச்சு மேடம்."

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குறிப்பு யார் பெயரில் இருக்க வேண்டுமோ அங்கே போகும் என்றார். என் அடுத்த ஒப்பந்தம் பற்றி மேலிடம்தான் சொல்லும் என்றார். கவிதாவிடம், திங்கட்கிழமை பாஸ்போர்ட்டும் தடுப்பூசிச் சான்றும் கொண்டுவரச் சொன்னார். அவள் 'தேங்க் யூ' சொல்ல மறந்து, "அச்சா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மராத்தியில் எல்லாவற்றையும் கொட்டினாள். நடுநடுவே "போளி" மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, இம்மாம் பெரிய ஆளு, ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா?" என்றார். பிறகு, "சோறு போடட்டா?" என்றார்.

நாலாம் நாள் புனே நிலையத்துக்கு அவளே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். நடைமேடையில் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "அம்மா குடுத்தாங்க. நான் குடுக்கலை."

"சரிம்மா."

வண்டி அசைந்தது. ஜன்னலோடு நாலடி நடந்து வந்தாள். "கோவம் இன்னும் போகலை அண்ணா. சும்மா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். போனதும் சொல்றேன்." அதற்குள் வண்டி வேகமெடுத்துவிட்டது.

கவிதா கப்பலேறி இரண்டு மாதமாகிறது. எனக்கும் ஒப்பந்தம் வந்திருக்கிறது. தட்டு அடுக்கும் வேலை கிடையாது, ஆறு மாதம் பாத்திரம் கழுவும் பகுதி. நியாயம்தான். அடுத்த வாரம் கிளம்புகிறேன். இடையில் அவளுக்கு மூன்று செய்தி அனுப்பினேன், எழுத்தில் இல்லை, குரலில்தான். எனக்கு அது பெரிய வேலை. ஒவ்வொன்றையும் நாலு தடவை பதிவு செய்து அழித்தேன். பதில் இல்லை.

நேற்றுக் காலை பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பின்னால் காற்றும், கப்பல் இயந்திரத்தின் தாழ்ந்த உறுமலும், யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. மூன்று விநாடிதான்.

"அண்ணா, போயிடுச்சு."

மறுபடி போட்டுக் கேட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "எது போயிடுச்சு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்கு வாயாலேயே சொன்னேன்.